ஒரே கீமோவில் ஒரு கட்டி சுருங்க, மற்றொன்று வளர்வது ஏன்?

உங்கள் தந்தையின் நெஞ்சிலுள்ள கட்டி கீமோவுக்குப் பின் சுருங்கியிருக்க, கல்லீரலில் உள்ளது மட்டும் எப்படி வளர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய் கண்டிருந்த என் பெரியப்பாவுக்கும் இதுவே நேர்ந்தது. நான் மருத்துவன் அல்லன்; ஒன்றரை ஆண்டு அவருடைய ஸ்கேன் உறைகளைச் சுமந்து அலைந்தவன்.

கார்போபிளாட்டின், பெமெட்ரெக்செட் என்ற இரண்டு கீமோ மருந்துகளும் மூன்று சைக்கிள் (சுற்று) முடிந்தபின் எடுத்த சி.டி. ஸ்கேனில், நுரையீரல் கட்டி 52 மில்லிமீட்டரிலிருந்து 31 ஆகவும், நெஞ்சுக்குள் இருந்த நிணநீர் முடிச்சு 24 இலிருந்து 15 ஆகவும் குறைந்திருந்தன. கல்லீரல் கட்டியோ 18 இலிருந்து 24 ஆகியிருந்தது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரி "நோய் நிலையாக உள்ளது" என்றது. ரெசிஸ்ட் என்ற அளவீட்டு முறையில் ஓர் உறுப்பில் இரண்டுக்கு மிகாமல், மொத்தம் ஐந்து கட்டிகள் வரை தேர்ந்தெடுத்து, அவற்றின் அளவுகளைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 30 விழுக்காடாவது குறைந்தால் பகுதிப் பலன். மிகக் குறைந்திருந்த அளவிலிருந்து 20 விழுக்காடும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினாலோ, புதிய கட்டி தோன்றினாலோ நோய் முற்றுகிறது என்று பொருள். பெரியப்பாவின் 94 என்ற கூட்டுத்தொகை 70 ஆனது. ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு; 30ஐ எட்டாததாலும் முற்றும் அளவுக்குக் கூடாததாலும் அது "நிலையான நோய்". கல்லீரலின் வளர்ச்சி அந்தக் கூட்டலுக்குள் மறைந்துவிட்டது. எங்களுக்கு அது புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

காரணத்துக்கு வருவோம். ஒருவர் உடலிலுள்ள புற்றுநோய் முழுவதும் ஒரே அச்சில் வார்த்த செல்களால் ஆனதன்று. பிரிட்டனில் நடக்கும் டிரேசர்எக்ஸ் ஆய்வு, அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய தொடக்கக் கட்டத்திலிருந்த முதல் 100 நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளைப் பல இடங்களில் வெட்டிப் பரிசோதித்து 2017 இல் வெளியிட்ட முடிவின்படி, மரபணு மாற்றங்களில் இடைநிலை அளவாக 30 விழுக்காடு கட்டியின் எல்லாச் செல்களிலும் இல்லாமல் சிலவற்றில் மட்டுமே இருந்தன. பரவுவதற்கு முன்பே இந்த நிலை என்றால், கல்லீரலில் போய்க் குடியேறிய கிளை, தாய்க்கட்டிக்கு இல்லாத தாங்குதிறனைப் பெற்றிருப்பதில் வியப்பில்லை. மருந்தும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை: ஒழுங்கற்ற இரத்தக் குழாய்களும் கட்டிக்குள் இருக்கும் அழுத்தமும் அதைத் தடுக்கின்றன, மூளையிலோ இரத்தத்திலுள்ள பல பொருள்களை உள்ளே விடாத இரத்த-மூளைத் தடுப்பு வேறு இருக்கிறது. மேலும், கீமோ பெரும்பாலும் பெருகிக்கொண்டிருக்கும் செல்களையே தாக்குவதால், ஆக்சிஜன் குறைந்த பகுதியில் மெதுவாகப் பெருகும் செல்கள் தப்பிவிடுகின்றன.

எலும்பைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. சிகிச்சை பலித்து எலும்பு ஆறும்போது, முன்பு தெரியாத இடங்கள் ஸ்கேனில் வெண்மையாகத் தெரிந்து, புதுக் கட்டிபோல மிரட்டுவதுண்டு.

எனவே அடுத்த சந்திப்பில், ஒவ்வொரு கட்டியின் அளவையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வளர்ந்த கட்டியில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். வளர்வது ஒன்றிரண்டு கட்டிகள் மட்டுமென்றால், அவற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்துவிட்டு அதே மருந்தைத் தொடரும் வழியும் சிலருக்கு உண்டு. பெரியப்பாவுக்கு டோசிடாக்செல் என்ற வேறொரு கீமோ மருந்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஸ்கேனில் கல்லீரல் கட்டி 24 இலிருந்து 19 ஆகக் குறைந்திருந்தது. நுரையீரல் கட்டி 31 இலிருந்து 35 ஆகியிருந்தது.