பாதம் கழுவும் இடத்தில் கேமரா எதற்கு?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தில், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குச் செயற்குழுவினர், நன்கொடையாளர் என்றே 12 பேரைப் பிடிக்கிறார்கள். முகநூல் நேரலை வேறு. இது முறையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: யோவான் நற்செய்தி 13இல் இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அது வீட்டு அடிமையின் வேலை, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் காலும் அங்கே இருந்தது. 12 பேர் கட்டாயமில்லை. 2016 முதல் பெண்களையும் அழைக்கலாம். செம்பனைக் குலை வெட்டுபவர், ஆலயம் கூட்டுபவர், லயத்தில் தனியாக இருக்கும் பாட்டி ஆகியோரைக் கேளுங்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூட்ஸ் போட்டு வெடித்த குதிகாலைத் திடீரென்று காட்ட யாருக்கு மனம் வரும்?

ஆளுக்கு அரை லிட்டர் வெதுவெதுப்பான நீர், தனித் துண்டு. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குக் காலில் சூடு உறைக்காமல் போகலாம். கழுவுபவர் தம் மணிக்கட்டில் ஊற்றிப் பார்க்கட்டும். புண் இருக்கும் காலை விட்டு மற்றதைக் கழுவலாம். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும்.

நேரலையா? பீடத்தைக் காட்டுங்கள், கால்களை வேண்டாம். புலனத்தில் படமும் வேண்டாம்.

இன்னொன்று: அழுக்குத் தண்ணீரைக் கழுவியவரே கொண்டுபோய்க் கொட்டட்டும். அங்கேதான் பல இடங்களில் பாத்திரம் பீடச்சிறுவன் கைக்குப் போய்விடுகிறது.