ரேடார் வரைபடத்தில் சிவப்பு: நிலநடுக்கம் வரப்போகிறதா?

கேள்வி: எங்கள் பகுதியின் செயற்கைக்கோள் ரேடார் வரைபடத்தில், எங்கள் தெருவைச் சுற்றி ஆண்டுக்கு மைனஸ் 20 மி.மீ. என்று சிவப்பாக இருக்கிறது. சற்றுத் தள்ளிப் போகும் பிளவுக்கோட்டின் (பாறைகள் முறிந்து நகரும் கோடு) மேல் பச்சை, அதாவது அசைவு ஏறக்குறைய இல்லை. நிலநடுக்கம் எங்களுக்குக் கீழேதான் உருவாகிறதா?

பதில்: அந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். ஆனால் பச்சையைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம்.

சென்டினல்-1 போன்ற செயற்கைக்கோள்கள் அதே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறை வந்து ரேடாரால் படமெடுக்கின்றன. அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. அலை போய்த் திரும்புவதால், தரை 2.8 செ.மீ. விலகினாலே ஒரு முழு அலை தள்ளிப்போகும். காற்றின் ஈரப்பதமும் இதே அளவுக்குக் குழப்பும். அதனால் பல ஆண்டுப் படங்களைச் சேர்த்துக் கணக்கிட்ட வரைபடத்தை மட்டும் நம்புங்கள்.

ரேடார் சாய்வாகப் பார்க்கிறது. மைனஸ் என்றால், பெரும்பாலான வரைபடங்களில், தரை செயற்கைக்கோளை விட்டு விலகுகிறது என்றே பொருள். வடக்கு நோக்கிப் போகும் பாதை, தெற்கு நோக்கிப் போகும் பாதை, இரண்டின் வரைபடங்களையும் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மைனஸ் என்றால் தரை இறங்குகிறது. ஒன்றில் மைனஸ், மற்றதில் பிளஸ் என்றால் கிழக்கு மேற்காக நகர்கிறது. வடக்கு தெற்கு நகர்வு இதில் சரியாகப் பிடிபடாது.

சரி, இனி வடிவம். சில கிலோமீட்டருக்குள் கிண்ணம்போல் குழிந்திருந்தால், நிலத்தடி நீரை உறிஞ்சுவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மெக்சிகோ நகரில் பழைய ஏரிக் களிமண் இப்படி இறுகி, சில இடங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 செ.மீ. வரை இறங்குகின்றன.

பிளவில் சேரும் இறுக்கம் வேறு மாதிரி. பல பத்து கிலோமீட்டர் அகலத்தில், நகரும் வேகம் கண்ணை உறுத்தாமல் மெல்ல மெல்ல மாறுவதாகத் தெரியும். துருக்கியின் வடக்கு அனடோலியப் பிளவில் இரு பக்கமும் ஒன்றையொன்று ஒப்பிட ஆண்டுக்கு 2 செ.மீ.க்கு மேல் எதிரெதிராக நகர்கின்றன. பிளவு வழுக்காமல் பூட்டிக்கொண்ட இடங்களில் கோட்டருகே வித்தியாசமே தெரியாது. அந்த நகர்வு பாறையில் இறுக்கமாகச் சேர்கிறது. அதே பிளவின் மேலுள்ள இஸ்மெத்பாஷா என்ற ஊரிலோ பிளவு மெல்ல வழுக்குகிறது. ரயில் நிலைய வளாகச் சுவர் முறிந்து விலகியதில்தான் அது முதலில் கவனத்துக்கு வந்தது. ஆக, பிளவின் மேல் பச்சை என்றால் அது பூட்டியும் இருக்கலாம். தூரத்தில் இரு பக்கமும் என்ன வேகம் என்று பார்த்தால்தான் தெரியும்.

எந்த நாளில் நடுங்கும் என்பதை ரேடார் சொல்லாது. எங்கே, எவ்வளவு வேகமாக இறுக்கம் சேர்கிறது என்பதையே சொல்லும். உங்கள் தெருவுக்கு, கிணற்று நீர்மட்டப் பதிவுகளைத் தேடுங்கள். சுவர் விரிசல்களைத் தேதியிட்டுப் படமெடுத்துக் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். வீடு நிலநடுக்க விதிகளின்படி கட்டப்பட்டதா என்றும் அவரிடமே கேளுங்கள்.