சிப்பாய் டூ சிஐஏ

கேள்வி: ராணுவ ஜெனரலை உளவுத்துறைக்குத் தலைவராக்கினால் சரிவருமா?

பதில்: ஆளைப் பொறுத்தது. அமெரிக்காவின் வால்டர் பெடல் ஸ்மித்தைப் பாருங்கள். கல்லூரிப் பட்டமோ வெஸ்ட் பாயின்ட் (அமெரிக்க ராணுவ அகாடமி) பயிற்சியோ இல்லை. சிப்பாயாகச் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசன்ஹோவருக்குக் கீழே தலைமைப் பணியாளர் அதிகாரி (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) ஆனவர். 1945 மே 7-ல் ரெய்ம்ஸ் நகரில் ஜெர்மனியின் சரணாகதி ஆவணத்தில் நேச நாடுகளின் தரப்பில் இவரும் கையெழுத்திட்டார். அப்புறம் மாஸ்கோவில் தூதர்.

1950 அக்டோபரில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் இயக்குநர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள்! கோபத்துக்குப் பேர்போனவர் (வயிறும் காரணமோ என்னவோ). அவர் வந்தபோது, கொரியப் போர் வருவதைக் கோட்டைவிட்ட அமைப்பாக இருந்தது சிஐஏ. ஆய்வுக்குத் தனி அமைப்பு உண்டாக்கினார். தங்களுக்குள் முட்டிக்கொண்ட உளவுப் பிரிவையும் ரகசிய நடவடிக்கைப் பிரிவையும் 1952-ல் இணைத்தார். பின்னாளில், மத்திய அமெரிக்க நாடுகளின் அரசியலில் மூக்கை நுழைத்த வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் இயக்குநர் குழுவில் போய் உட்கார்ந்ததுதான் எனக்குப் பிடிக்காத அத்தியாயம்.