பிலிப்பைன்ஸின் டுமகேட்டே எப்படிப்பட்ட நகரம்?

நீக்ரோஸ் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் டுமகேட்டே, நீக்ரோஸ் ஓரியண்டல் மாகாணத்தின் தலைநகரம். பேச்சுமொழி செபுவானோ. கடற்கொள்ளையர் வரவை அறிவிக்க எழுப்பிய பழைய மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. மாலையானால் ஊரே ரிசால் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடும்.

ஆனால் இந்த ஊரின் உயிர், 1901-இல் தொடங்கிய சில்லிமன் பல்கலைக்கழகம்தான். அங்கே பணியாற்றிய கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவும் அவருடைய குழுவினரும் அருகிலுள்ள அப்போ தீவு மீனவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். அதைக் கேட்டு 1980-களில் அந்த மீனவர்கள் பவளப்பாறையின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். அங்கே பெருகிய மீன்கள் எல்லை தாண்டிப் பரவ, சுற்றியுள்ள கடலிலும் மீன்வளம் கூடியது. டுமகேட்டே சென்றால் அப்போ தீவைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அங்கே கடலாமைகள் கரைக்கு அருகிலேயே மேய்கின்றன.