இலை மூட்டை மலையிறங்கினால் எடை கூடுமா?

கேள்வி: உயரே போகப் போக ஈர்ப்பு குறையும் என்று என் பையனின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் எங்கள் தோட்டத்தில் 50 கிலோ நிற்கும் பச்சைத் தேயிலை மூட்டை, மேட்டுப்பாளையத்தில் கூடுதலாக நிற்குமா? இவ்வளவு பெரிய மலை நம்மை இழுக்காதா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கூடத்தான் செய்யும். ஆனால் அதை நம்பி வண்டி வாடகை கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்பது இரண்டே விஷயத்தில் இருக்கிறது: அவற்றின் நிறை, நடுவிலுள்ள தூரம். ஒன்றின் நிறை இரண்டு மடங்கானால் இழுப்பும் இரண்டு மடங்கு. தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு கால்வாசி. 1687இல் நியூட்டன் சொன்ன கணக்கு. இரும்பா பஞ்சா, நடுவில் சுவர் இருக்கிறதா என்பதெல்லாம் இதில் வராது.

குழப்பம் வருவது தூரத்தில்தான். அதைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும், அங்கிருந்து நமக்கு சுமார் 6,371 கிலோமீட்டர். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உள்ள உயர வித்தியாசமோ ஒன்றரை கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. அதனால் 50 கிலோவுக்கு 20 கிராம் சொச்சம்தான் கூடும், காலடியில் இருக்கும் மலைப்பாறையின் இழுப்பையும் சேர்த்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும். அந்த 20 கிராமும் ஸ்பிரிங் தராசையோ எலெக்ட்ரானிக் தராசையோ இங்கிருந்தே தூக்கிக்கொண்டு போய் நிறுத்தால்தான் தெரியும். படிக்கல் வைக்கிற தட்டுத்தராசில் தெரியவே தெரியாது, படிக்கல்லும் அதே அளவு கனத்துவிடுமே! அதற்குள் வெயிலில் இலை வாடிப் போகிற ஈரம் இதைவிடப் பல மடங்கு. ஃபேக்டரியில் ஈரத்துக்கென்று கழிப்பது தனிக்கதை.

சரி, மலை இழுக்குமா? இழுக்கும். 1774இல் மாஸ்கலின் என்ற வானியலாளர் ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் மலையின் வடக்கிலும் தெற்கிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நட்சத்திரங்களை வைத்து அதன் சாய்வை அளந்தார். இரண்டு பக்கமும் குண்டு மலையை நோக்கிச் சாய்ந்திருந்தது, சாய்வு மொத்தமே ஒரு டிகிரியில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. இதை வைத்துத்தான் பூமியின் அடர்த்தியையே முதலில் கணக்கிட்டார்கள். மலைக்கே இந்தக் கதியென்றால் நாம் எம்மாத்திரம்: ஆளுக்கு 60 கிலோவில் இரண்டு பேர் ஒரு மீட்டர் தள்ளி நின்றால், அவர்களுக்குள் உள்ள இழுப்பு ஒரு கடுகின் எடையில் சுமார் நூறில் ஒரு பங்கு.

தொட்டபெட்டா சரிவில் வீடு கட்டும் கொத்தனாரின் தூக்குக்குண்டும் மலைப் பக்கம் துளி சாயத்தான் செய்யும், ஆனால் சுவர் கோணலானால் பழியை மலைமேல் போட முடியாது.