மூளையின் எடையும் மனத்தின் சாய்வும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆணின் மூளை பெண்ணின் மூளையைவிடப் பெரியது என்கிறார்கள். அப்படியானால் அறிவுத்திறனிலும் வேறுபாடு இருக்கத்தானே செய்யும்?

பதில்: பெரியது என்பது உண்மை; அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் நிற்காது. ஆண்களின் மூளை சராசரியாக ஏறத்தாழ 10 சதவீதம் பெரிதாக இருப்பதற்கு உடலின் அளவே பெரும் காரணம். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா இதைப் பற்றி எழுதியபோது, உடலளவு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை அறிந்தே இருந்தார். ஆயினும் பெண்கள் சராசரியாகச் சற்று அறிவு குறைந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது என்று சேர்த்துக்கொண்டார். எதை நிறுவ வேண்டுமோ அதையே சான்றாக வைத்தார் என்பதைக் கவனியுங்கள். முடிவு முதலில் வந்தது, அளவுகோல் பிறகு வந்தது.

இன்றைய நிலை வேறு. அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை (ஒரே பொருள் பற்றிய பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிக் கணிப்பவை) ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அவற்றில் பதிவான பால் வேறுபாடுகளில் 78 சதவீதம் மிகச் சிறியவையாகவோ ஏறக்குறைய இல்லாதவையாகவோ இருந்தன. வேறுபாடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு பொருளை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கும் சோதனையில் ஆண்களின் சராசரி தெளிவாகவே கூடுதல். ஆனால் 10 மணி நேரம் அதிரடி வீடியோ விளையாட்டுப் பயிற்சி அளித்ததும் அந்த இடைவெளி பெருமளவு குறைந்ததாக 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிறப்பிலேயே முடிந்துபோன திறன் என்றால் அது இப்படி நகர்ந்திருக்காது.

கேள்வி: நான் என் மகனையும் மகளையும் ஒன்றுபோலவே நடத்துகிறேன். என்னைப் போன்றவர்களிடமும் ஆண், பெண் என்று வேறுபடுத்திப் பார்க்கும் மனச்சாய்வு இருக்குமா?

பதில்: இருக்கலாம், அம்மா. உங்கள் அன்பில் எனக்கு ஐயம் இல்லை. சாய்வு அன்பின் குறைவால் வருவதும் இல்லை. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், 11 மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம், எவ்வளவு செங்குத்தான சரிவில் தங்கள் குழந்தை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். பெண் குழந்தைகளின் தாய்மார்கள் குறைத்துச் சொன்னார்கள், ஆண் குழந்தைகளின் தாய்மார்கள் கூட்டிச் சொன்னார்கள். சிறிது நேரத்திலேயே குழந்தைகளைச் சரிவில் விட்டுப் பார்த்தபோது இரு பாலாரும் ஒரே அளவில்தான் தவழ்ந்தார்கள். பெற்ற தாயின் கண்ணே இப்படிப் பார்க்கிறது என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

பெரியவர்களின் உலகில் இதன் விலை கூடிவிடுகிறது. 2012இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வகப் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை, சிலருக்கு ஆண் பெயரிலும் சிலருக்குப் பெண் பெயரிலும் கொடுத்தார்கள். ஆண் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்குக் கூடுதல் திறமையும் கூடுதல் ஊதியமும் தகும் என்று மதிப்பிட்டார்கள்; பெண் பேராசிரியர்களும் அவ்வாறே செய்தார்கள்.

கேள்வி: சாய்வு இருப்பதை உணர்ந்துவிட்டால் அது போய்விடாதா?

பதில்: பெரும்பாலும் போகாது. பிறரிடம் உள்ள சாய்வை எளிதில் காணும் மனம் தன்னிடம் உள்ளதைக் காண்பதில்லை. இதையும் உளவியலாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். பயன் தந்தது வேறொரு வழி. காவல்துறைத் தலைவர் பதவிக்கான விண்ணப்பங்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், கல்வித் தகுதி ஆணிடம் இருந்தபோது, மதிப்பிட்டவர்கள் அதுவே முக்கியம் என்றார்கள். பெண்ணிடம் இருந்தபோது அதற்கு அவ்வளவு மதிப்பு தரவில்லை. எந்தத் தகுதி முக்கியம் என்பதை, விண்ணப்பதாரர் யார் என்று தெரியும் முன்பே உறுதிசெய்ய வைத்தபோது அந்தப் பாகுபாடு மறைந்தது. புரோக்கா செய்ததைத் தலைகீழாக்கிய முறை அது. நீங்கள் மாணவரைத் தேர்ந்தெடுப்பவராயினும் பணியாளரைத் தேர்ந்தெடுப்பவராயினும், பெயரைப் பார்க்கும் முன்பே அளவுகோலைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.