ஏற்காடு இறக்கத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வெளியே தள்ளுகிறதா? டயரை மாற்றுவதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறேன். ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஆபீஸில் சார்ஜ் போட்டுவிட்டு மாலையில் இறங்கும்போதுதான் பிரச்சினை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. சில நாள் ஒழுங்காக நிற்கிறது, சில நாள் பிரேக்கே இல்லாததுபோல ஓடுகிறது. பெட்ரோல் பைக் வைத்திருக்கும் நண்பர்கள் என்னைவிட வேகமாகத் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் ஏரியாவில் ஒருவர், பின் டயரை அகலமாகப் போட்டு, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் 'திறந்து' விட்டால் சரியாகிவிடும், 8,000 ரூபாய் ஆகும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். காசை வைத்துக்கொள்ளுங்கள். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 'சில நாள் நிற்கிறது, சில நாள் ஓடுகிறது'. டயர் சரியில்லை என்றால் தினமும் அப்படித்தான் இருக்கும். நாளுக்கு நாள் மாறுவது உங்கள் பேட்டரியில் இருக்கும் சார்ஜ்தான்.

ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாக இழுத்துப் பிடிப்பதுபோல வேகம் குறைகிறது இல்லையா, அதுதான் ரீஜென். மோட்டார் அந்த நேரத்தில் டைனமோ மாதிரி வேலை செய்து பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி ஏற்கெனவே 100 சதவீதம் நிரம்பியிருந்தால் அனுப்பிய கரண்டை வைக்க இடமில்லை, அதனால் வண்டியின் கம்ப்யூட்டர் ரீஜெனைக் குறைத்துவிடும் அல்லது முழுதாக நிறுத்திவிடும். ஆபீஸில் மாலை வரை சார்ஜ் போட்டு முழுதாக நிரப்பிக்கொண்டு கிளம்பிய நாளில் முதல் சில வளைவுகளுக்கு உங்களிடம் அந்தப் பிடி கிடையாது. பழக்கத்தில் வழக்கமான இடத்தில் ஆக்சிலேட்டரை விடுகிறீர்கள், வண்டி நிற்காமல் உருண்டுகொண்டே வளைவுக்குள் போகிறது. வேகம் ஏழெட்டு கிலோமீட்டர் கூடுதலாக இருக்கும், அதைத்தான் 'வெளியே தள்ளுகிறது' என்கிறீர்கள். உங்கள் நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, கியரை இறக்கினால் எஞ்சின் பிரேக் எல்லா நாளும் ஒரே மாதிரி கிடைக்கும்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஏற்காடு சேலத்தைவிடச் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியும் நீங்களும் சேர்ந்து 190 கிலோ என்று வைத்தால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியே வரவேண்டிய சக்தி 0.6 யூனிட்டுக்கு மேல். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி பேட்டரிக்குள் போகவேண்டும், இல்லையென்றால் பிரேக்கில் சூடாக மாறவேண்டும். உங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னால் டிரம் பிரேக் என்றால் அந்தச் சூட்டில் உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூ வழுக்க ஆரம்பித்துவிடும், கருகல் வாசனை வரும், லீவரை எவ்வளவு அமுக்கினாலும் பிடி குறைந்துகொண்டே போகும். வாசனை வந்தால் ஓரம்கட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள், தண்ணீரை ஊற்றாதீர்கள்.

ஆகவே மேலே சார்ஜ் போடுவதை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஆப்பில் வரம்பு வைக்க வசதி இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் டைமர் பிளக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையில் பார்த்தால் காலையில் ஏறி முடிக்கும்போது பாதி சார்ஜ் மிச்சமிருந்தால் அங்கே சார்ஜ் போடவே தேவையில்லை. இறக்கத்துக்கு ஒன்றும் செலவாகப் போவதில்லை, அடிவாரத்திலிருந்து வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். இதை யாரும் சொல்லமாட்டார்கள், வண்டி வாங்கும்போது கையில் கொடுக்கும் மேனுவலில் எங்கோ ஒரு வரியாக இருக்கும், ஷோரூமில் மொத்தப் பேச்சும் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு முடிந்துவிடும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'அப்படியானால் 100 சதவீதமே போடக்கூடாதா' என்று கேட்பீர்கள். போடலாம், கீழே. சேலத்தில் வீட்டில் இரவு முழுதாக நிரப்பிக்கொண்டு காலையில் ஏறுகிறீர்கள், ஏறும்போது ரீஜென் தேவையே இல்லை, முதல் வளைவு வருவதற்குள்ளேயே சில சதவீதம் இறங்கியிருக்கும். முழு சார்ஜ் என்பது மலை உச்சியில் நிற்கும் வண்டிக்குத்தான் பிரச்சினை, அடிவாரத்தில் நிற்கும் வண்டிக்கு இல்லை. ஏற்காட்டிலேயே குடியிருந்து சேலத்துக்கு வேலைக்கு வருகிறவர் என்றால் அப்படியே தலைகீழ்: வீட்டில் 80, சேலத்தில் 100. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், மார்கழியில் ஏற்காட்டில் இரவு முழுக்க வெளியே நின்ற வண்டிக்கு, பேட்டரி குளிர்ந்திருந்தால், 80-இலும் ரீஜென் குறைவாகத்தான் வரலாம். அதனால் எந்த நாளாக இருந்தாலும் முதல் வளைவுக்கு முன்னால், நேர் சாலையில், ஒருமுறை ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள். இழுத்துப் பிடிக்கிறதா, உருள்கிறதா? உருண்டால் அன்று பிரேக்கை நம்பித்தான் இறங்கவேண்டும்.

சரி, வளைவில் வேகமாகத் திரும்புவது எப்படி? மலைச்சாலைகளுக்கான இந்தியத் தரநிலைப்படி கொண்டை ஊசி வளைவின் குறைந்தபட்ச உள் ஆரம் 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் 20 கிலோமீட்டர். அந்த ஆரத்தில் 20-இல் திரும்பினால் வண்டி 13 டிகிரி சாயும். 30-இல் 27 டிகிரி. 40-இல் 42 டிகிரி. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அந்தச் சாய்வுக்கு முன்பே ஸ்டாண்டு தரையில் உரசிப் பின் சக்கரத்தைத் தூக்கிவிடும். இதில் எங்கே ஐயா வேகம்? பேட்டரி கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருப்பதால் வண்டி கெட்டியாக உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும், அந்தத் தோற்றத்தை நம்பி 35-இல் நுழையாதீர்கள்.

வேகமெல்லாம் நேர்க்கோட்டில் குறைக்கவேண்டியது, வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து. சாய்ந்த பிறகு புதிதாக பிரேக் பிடிக்கக்கூடாது. எலக்ட்ரிக் வண்டியில் இன்னொரு வம்பும் இருக்கிறது: சாய்ந்திருக்கும்போது பயந்து ஆக்சிலேட்டரை முழுதாக விட்டீர்கள் என்றால் அதுவே பின் சக்கரத்தில் பிரேக் பிடித்ததற்குச் சமம், ஈரமோ மணலோ இருந்தால் வால் வழுக்கும். அதேபோல வெளியேறும்போது சட்டென்று முறுக்கினாலும் மோட்டார் முழு இழுவையையும் உடனே கொடுத்துவிடும், பெட்ரோல் வண்டிபோலத் தயங்காது. ஆகவே நுழையும் முன் வேகத்தை 20-க்குக் கொண்டுவந்துவிட்டு, வளைவு முழுக்க லேசாக, மிக லேசாக ஆக்சிலேட்டரைப் பிடித்தபடியே போங்கள், வண்டி நிமிர நிமிரக் கூட்டுங்கள். ஸ்போர்ட் மோடு இறக்கத்துக்கு வேண்டாம்.

கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். தடுப்புச்சுவரையே பார்த்தால் சுவருக்குத்தான் போவீர்கள், வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ளுங்கள், வண்டி தானாக இடதுபுறம் சாயும். ஏன் என்று விளக்கினால் தலை சுற்றும், காலி மைதானத்தில் 25 வேகத்தில் செய்து பாருங்கள், கைக்குப் பிடிபட்டுவிடும். சாலையின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு, அங்கிருந்து மறுபடி வெளி ஓரத்துக்கு என்று யூடியூபில் காட்டுகிறார்களே, அது எதிரே யாரும் வராத ரேஸ் டிராக்கில். ஏற்காட்டின் 20 வளைவுகளிலும் பஸ் திரும்பினால் சாலை முழுவதும் அதற்கே வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிடவேண்டும் என்பது சட்டம். உங்கள் வண்டிக்குச் சத்தமும் கிடையாது, ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடியுங்கள்.

அடுத்து அந்த 8,000 ரூபாய்க்காரர். இவர் மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் முளைத்துவிட்டார்கள். கன்ட்ரோலரைத் 'திறப்பது' என்றால் கம்பெனி வைத்த கரண்ட் வரம்பை உடைப்பது. மோட்டாரும் கன்ட்ரோலரும் கூடுதலாகச் சூடாகும், வாரண்டி போகும், ரீஜென் அளவையும் கலைத்துவிட்டார் என்றால் நீங்கள் பழகிய பிடியே மாறிப்போகும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணம் கையில் கொடுத்தாயிற்று. அகலமான டயர் இன்னும் மோசம்: அதே ரிம்மில் பெரிய டயரை ஏற்றினால் ரிம் அதைப் பக்கவாட்டில் நெருக்கி டயரின் வளைவையே மாற்றிவிடும், திருப்பம் மந்தமாகும், ரேஞ்சும் குறையும். 'பிடி வேண்டுமென்றால் காற்றைக் குறை' என்று ஒரு வைத்தியமும் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு, காலையில் டயர் சூடாகும் முன் பார்த்தது, அவ்வளவுதான்.

இதைவிடக் கொடுமை லைசென்ஸ் வேண்டாத வண்டிகள் விஷயத்தில் நடக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்றால்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. விற்கும்போதே 'இந்த ஒயரைக் கழற்றிவிட்டால் 45 போகும் சார்' என்று காதோடு சொல்லி விற்கிறார்கள். ஒயரைக் கழற்றிய அந்த நிமிடம் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி, 25-க்கென்று போட்ட பிரேக்கில் 45-இல் ஓடுகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் வழியாகவே இவை போய்வருகின்றன, எப்போதாவது ஒருநாள் பிடிப்பார்கள், போட்டோ பேப்பரில் வரும், மறுநாள் அதே கடை திறந்திருக்கும்.

லைசென்ஸ் வாங்கிய நமக்கும் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? நடக்கிற வேகத்தில், காலை ஊன்றாமல் ஓர் எட்டு. புரோக்கரைப் பிடித்தால் அந்த எட்டிலும் பாதிதான். இறக்கத்தில் பிரேக் பிடிப்பது பற்றியோ ரீஜென் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது, அதற்கப்புறம் வளைவில் ஜல்லியைக் கொட்டிவிட்டு, 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை மட்டும் வைத்துவிடுவார்கள்.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் பின் பிரேக் ஷூவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், முழு சார்ஜில் இறங்கிய நாட்களில் அது பளபளவென்று கண்ணாடியாகியிருக்க வாய்ப்புண்டு. ஒரிஜினல் ஷூ கேளுங்கள், கவரைப் பிரிக்காமல் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். முன் டிஸ்க்குக்கான பிரேக் ஆயிலை இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். பில்லில் 'ஜெனரல் செக்கப்' என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால், என்னென்ன செக் செய்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.